ஐந்து குடிக்கு இருபது மரியாதை

ஐந்து பெயர்களை வரிசையாக வாசிக்க ஒரு துண்டுக் கடதாசியும் ஒரு தொண்டையும் போதும். நான் அதற்கு ஒரு மென்பொருள் எழுதினேன். இந்த வசனத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். விளங்க வேண்டியவர்களுக்கு இதிலேயே எல்லாம் விளங்கிவிடும். ஆனால் என் மனைவி இந்தக் கதையைத் தன் பாணியில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதால், என் பக்கத்து நியாயத்தையும் (அப்படி ஒன்று இருந்தால்) எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிப் பக்கம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். குடிகளின் பெயர்களையும் சொல்லமாட்டேன். இப்போதுதான் எல்லாரும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள், அதை ஏன் கெடுப்பான்?

ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசி மாதம் சடங்கு நடக்கும். கதவு திறக்கும் நாளிலும், கடைசியாகக் குளிர்த்தி நாளிலும், பூசை முடிந்த கையோடு ஐந்து குடிகளின் தலைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காளாஞ்சி கொடுப்பார்கள். குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். காளாஞ்சி என்பது ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. எல்லாம் எங்கள் எல்லார் வீட்டு வளவிலும் கிடைக்கிற சாமான்தான். ஆனால் அந்தத் தட்டை யார் முதலில் வாங்குவது, யார் அதற்குப் பிறகு வாங்குவது என்பதில் ஊரின் மானம் மொத்தமும் அடங்கியிருக்கிறது. அந்த ஒழுங்கைக் குழப்பியவன் ஊரில் அதற்குப் பிறகு நிம்மதியாகத் தலைமயிர் வெட்டக்கூடப் போக முடியாது.

அந்த வருடம் கோயில் வண்ணக்கராக, அதாவது நிர்வாகத்துக்குப் பொறுப்பாக, இருந்தவர் என் தாயின் மூத்த தமையன். எனக்குப் பெரியமாமா. வழக்கமாகப் பெயர் கூறும் சாமித்தம்பி அண்ணனுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை. சத்தம் போடவே கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். புதிதாக ஒருவரை நிறுத்தினால் அவர் எந்தக் குடி என்ற கேள்வி வரும். பெரியமாமா கவலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் குடிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணினி நிரல் எழுதுகிறவன். வயது இருபத்தாறு. தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

"மாமா, கொம்பியூட்டர் கூறட்டும். அதுக்குக் குடி இல்லத்தானே" என்றேன்.

பெரியமாமா அப்போதுதான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

வேலையை நான் கையோடு கையாகப் பெருப்பித்தேன். வெறுமனே பெயரைக் கூறினால் போதுமா? லண்டனிலும் கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சனம் கைத்தொலைபேசியில் நேரடியாகப் பார்க்கும். அவர்களுக்கு விளங்க வேண்டாமா? எனவே ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் "முதலாம் மரியாதை", "இரண்டாம் மரியாதை" என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லவைக்கத் தீர்மானித்தேன். எங்கள் கோயில் வரலாற்றில் எண்ணை வாய்விட்டுச் சொன்னவர் யாருமில்லை. ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததை யாரும் சொல்வதில்லை. அதுதான் அத்தனை காலமும் ஊர் பிழைத்துக் கிடந்ததன் இரகசியம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

குரலுக்கு சுகந்தினியைப் பிடித்தேன். சுகந்தினி எனக்குப் பேசி முடித்திருந்த பெண். சடங்கு முடிந்ததும் ஆவணியில் கலியாணம். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், வெண்கல மணிபோலக் குரல். அவளுடைய அப்பா தங்கவடிவேல் மாமாதான் இரண்டாம் இடத்துக் குடியின் தலைவர். மகளின் குரலில் தகப்பனுக்கு மரியாதை கூறினால் அவர் உருகிப்போவார் என்று நான் கணக்குப் போட்டேன். (கணக்கில் நான் எப்போதுமே கெட்டிக்காரன்.)

எண்களை இருபது வரைக்கும் சொல்லிப் பதிவு செய்யச் சொன்னேன்.

"அஞ்சு குடிக்கு என்னத்துக்கு இருபது மரியாதை?" என்று கேட்டாள்.

"பிற்காலத்தில தேவைப்படும். நிரல் எழுதுறவன் நாளைக்கு நடக்கப்போறதையும் யோசிக்கோணும்."

அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனாலும் இருபதையும் சொல்லித் தந்தாள்.

பெயர்களை ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பில் எழுதினேன். அந்தப் பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். இரண்டு கோணல் குறிகளுக்குள் இது இன்னது என்று எழுதி, அதற்குள் சாமானை வைத்து, பிறகு மூடுவது. மூடி போட்ட டப்பாக்களை ஒரு பெரிய டப்பாவுக்குள் அடுக்கியதுபோல. பெரிய டப்பா கோயில். உள்ளே ஐந்து டப்பாக்கள், ஐந்து குடிகள். என் நிரல் பெரிய டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும், எத்தனையாவது என்று எண்ணைச் சொல்லும், பெயரைச் சொல்லும், மணி அடிக்கும், தட்டு வாங்கப் போதுமான நேரம் காத்திருக்கும், அடுத்ததை எடுக்கும். கோப்பு முழுவதையும் ஒரே வரியில் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதியிருந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது பிசகே இல்லை. அம்மா கைதட்டினா.

கதவு திறக்கும் நாள் மத்தியானம், லப்டொப்பை ஸ்பீக்கர்காரரின் மேசையில் வைத்து வயர்களைக் கொழுவிக்கொண்டிருந்தேன். பெரியமாமா வெற்றுடம்பில் சால்வையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன மனே, எல்லாக் குடியையும் ஒரு வரியில நெரிச்சு வச்சிரிக்காய்?"

"இது கொம்பியூட்டர் வாசிக்கிறது மாமா. அதுக்கு எப்பிடி எழுதினாலும் ஒண்டுதான்."

"கொம்பியூட்டருக்கு ஒண்டு. ஆக்களுக்கு? இவங்கட பேரோட அவங்கட பேரு முட்டிக்கிட்டு நிக்கிறதை ஆரும் கண்டா நான் என்ன பதில் சொல்லுறது? ஒரு குடி மத்தக் குடியோட ஒட்டக்கூடாது. இடம் விட்டு எழுது."

கோயில் காரியம், வண்ணக்கர் சொல்கிறார், தாய்மாமன் வேறு. ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு வரி கொடுத்தேன். "இதுவும் தலைப்போட ஒட்டிக் கிடக்கு" என்றார். முதலாவது குடிக்கு மேலேயும் இடம் விட்டேன். கடைசிக் குடிக்குக் கீழேயும் விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியமாமா திருப்தியோடு போனார். நான் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. பெயரில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லையே. விட்டது வெறும் இடம். வெறும் இடம் என்ன செய்துவிடும்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட கோப்பில், இரண்டு டப்பாக்களுக்கு நடுவே விடுகிற இடைவெளியையும் கொம்பியூட்டர் ஒரு சாமானாகவே எடுக்கும். பெயரில்லாத, குரலில்லாத, ஒன்றுமே இல்லாத ஒரு சாமான். அதை வேண்டாமென்று தள்ளிவிடும்படி நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். இது தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே படிக்கிற பாடம். சடங்குக்குச் சில கிழமைகளுக்கு முன்தான், இதே பிழையை விட்ட ஒரு புதுப் பிள்ளைக்கு நான் போனில் ஒரு நீண்ட வகுப்பு எடுத்திருந்தேன். அந்தப் பிள்ளை "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று பணிவாகக் கேட்டது நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பொழுது சாயும் நேரம் கதவு திறந்தது. பறை முழங்கியது, குரவை போட்டார்கள், பூசை முடிந்தது. ஐந்து தலைவர்களும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். நான் நேரடி ஒளிபரப்புக்காகக் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி சனத்துக்குப் பின்னால், ஒரு மர வாங்கின் மேல் ஏறி நின்றேன். லப்டொப் தன்பாட்டில் ஓடும். எனக்கும் அதற்கும் நடுவில் ஊரே நின்றது.

"முதலாம் மரியாதை" என்றது சுகந்தினியின் குரல்.

மணி அடித்தது. பெயர் வரவில்லை.

பூசகர் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். முதலாம் குடித் தலைவர் ஒரு காலை முன்னுக்கு வைத்தவர், தன் பெயர் வராததால் அப்படியே நின்றுவிட்டார். ஸ்பீக்கர்காரர் வயரைப் பிடித்து ஆட்டினார்.

பெரியமாமாவின் மூளை ஆபத்தில்தான் வேலை செய்யும். மைக்கைப் பறித்தார். "முதலாம் மரியாதை அம்மாளுக்கு!" என்று உரத்துச் சொன்னார். பூசகர் தட்டைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தார். சனம் "அம்மாளே!" என்று கும்பிட்டது. முதலாம் குடித் தலைவரும் தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிட்டார். (இதை நான் நெருக்கமாகப் படம் பிடித்தேன். பிறகு இது முக்கியமான சாட்சியமானது.)

"இரண்டாம் மரியாதை" என்று குரல் சொல்லி, முதலாம் குடியாரின் பெயரைக் கூறியது. மனிதருக்கு முகம் கறுத்தது. ஆனால் அம்மாளுக்கு அடுத்த இடம் தனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாங்கிலிருந்து குதித்து, சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகத் தொடங்கினேன். போன் கையில் இருந்ததால், எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுகளை லண்டன் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூன்றாம் மரியாதை." மணி. மௌனம்.

"பிள்ளையாருக்கு!" என்றார் பெரியமாமா. குரலில் உறுதி கொஞ்சம் குறைந்திருந்தது.

"நான்காம் மரியாதை" என்று சொல்லி, சுகந்தினி தன் தகப்பனைத் தெளிவான உச்சரிப்போடு கூப்பிட்டாள்.

தங்கவடிவேல் மாமா அசையவில்லை. மெதுவாகத் திரும்பிப் பெரியமாமாவைப் பார்த்தார்.

"வண்ணக்கர், நான் ஒண்டு கேக்கன். அம்மாள் முதல். பிறகு இவர். அதுக்குப் பிறகு பிள்ளையார். அப்பிடித்தானே?"

பெரியமாமா பூசகரைப் பார்த்தார்.

"எந்தக் கோயிலிலகா பிள்ளையாருக்கு முன்னால ஒரு மனிசன் நிக்கிறான்? பிள்ளையாரைவிடப் பெரிய ஆளோ இவர்? அந்தப் பெரிய ஆளுக்கும் பிறகு, பிள்ளையாருக்கும் பிறகு, நானோ? அதுவும் என்ட புள்ளையின்ட வாயால?"

இதற்கு அந்தக் கோயிலில் மட்டுமல்ல, அமிர்தகழிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்த் தேடினாலும் பதில் கிடைத்திருக்காது. முதலாம் குடியார் கூச்சலிட்டார்கள். இரண்டாம் குடியார் திருப்பிக் கூச்சலிட்டார்கள். மூன்றாம் இடத்துக் குடி எங்களுடையது. எங்கள் ஆட்கள் இருபக்கமும் போய்ச் சமாதானம் பேசி இருபக்கமும் ஏச்சு வாங்கினார்கள். அத்தனை சத்தத்துக்கும் மேலாக, சுகந்தினி கொஞ்சமும் பதறாமல் "ஐந்தாம் மரியாதை" என்றாள். மணி அடித்தது. நான் போய் வயரைப் பிடுங்கினேன்.

தங்கவடிவேல் மாமா தட்டைத் தொடாமலே தன் சனத்தோடு வெளியேறிப் போனார். போகும்போது என்னைக் கடந்துதான் போனார். "ஆவணியை மறந்திரு" என்று மட்டும் சொன்னார்.

மற்றக் குடிகளுக்குத் தட்டைப் பேச்சில்லாமல் கொடுத்து முடித்தார்கள். எனக்குத் தொலைபேசி ஓயவில்லை. கனடாவிலிருந்து முதலாம் குடிக்காரர் ஒருவர், "எங்களை ரெண்டாவதாக்கினது ஆருட வேலை?" என்று கேட்டார். சுவிஸிலிருந்து இரண்டாம் குடிக்காரர் ஒருவர், பெரியமாமா எவ்வளவு காலமாக இதற்குத் திட்டம் போட்டார் என்று கேட்டார். பெரியமாமா என்னோடு பேசவே இல்லை. அம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லாமல் போனா. எனக்கு மரியாதையும் தெரியாது, மென்பொருளும் தெரியாது என்பதை ஒரே நாளில் இத்தனை நாடுகளுக்கு நேரடியாகக் காட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த வெட்கமெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. சுகந்தினி போய்விடுவாள் என்ற பயம்தான் பெரிது.

அடுத்த நாள் அவளே போன் எடுத்தாள்.

"அப்பா வட்டைக்குப் போயிற்றார். அங்க போய்ப் பறையுங்க. வீட்டுக்கு வராதீங்க. இஞ்ச வந்தா அம்மாவும் சேருவா."

லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனேன். வயல்வட்டை முழுவதும் சிறுபோக நெல் பச்சையாக நின்றது. தங்கவடிவேல் மாமா மண்வெட்டியோடு உடைந்த வரம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் நிமிரவில்லை.

"என்ன, ஆறாவது மரியாதை கூற வந்தயா?"

நான் கோப்பு, கோணல் குறி, டப்பா என்று தொடங்கினேன். அவர் மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்வது எனக்கே விளங்காமல் போகத் தொடங்கியது. கிட்டப் போய்ச் சொல்லலாமென்று ஓரடி வைத்தபோது கால் வரம்பில் சறுக்கியது. கீழே பார்த்தேன்.

"மாமா, உங்கட வயல் இதில எத்தனை துண்டு?"

"அஞ்சு. அதுக்கென்ன?"

"இடையில வரம்பு கிடக்குத்தானே. கொம்பியூட்டரிட்ட துண்டை எண்ணச் சொன்னன். அது வரம்பையும் சேர்த்து எண்ணிப்போட்டுது."

மண்வெட்டி நின்றது.

"வரம்பில என்ன விளையுது எண்ணுறதுக்கு?"

"ஒண்டும் விளையுறல்ல. அதாலதான் பேரு வரல்ல. மணி மட்டும் அடிச்சுது."

அவர் வரம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்த வரம்பைக் கட்டினது ஆரு?"

"நான்தான். பெரியமாமா கட்டச் சொன்னவர். ஒரு குடி மத்தக் குடியோட முட்டக்கூடாதாம்."

"அது சரிதானே. முட்டத்தான் கூடாது" என்றார்.

என் வாழ்க்கை அந்த வசனத்தில்தான் திரும்பியது. லப்டொப்பை வரம்பில் வைத்து, வெறும் இடங்களைத் தள்ளிவிடும் ஒரேயொரு வரியை எழுதி ஓடவிட்டேன். வயல்வெளியில் சுகந்தினியின் குரல் கேட்டது. முதலாம் மரியாதை, முதலாம் குடித் தலைவர். இரண்டாம் மரியாதை, தகப்பனின் முழுப்பெயர். மாமா மண்வெட்டியில் கையூன்றிக் கேட்டார்.

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். மூன்றாம் தரமும் போடச் சொன்னார். முகம் இளகியிருந்தது. சரி, தப்பித்தேன் என்று மூடப் போனபோது, "பொறு" என்றார்.

"இப்ப முதலாவது திரும்பவும் அவருக்கா?"

"ஓம் மாமா. பழையபடிதான்."

"அது சரிவராது. முதலாவது அம்மாளுக்கெண்டு வண்ணக்கர் மைக்கில சொன்னவர். அவரும் கையெடுத்துக் கும்பிட்டவர். நீ படம் பிடிச்சு உலகத்துக்கே காட்டினாய். குடுத்ததை அம்மாளிட்டயிருந்து பறிக்கிறதோ?"

"அப்ப நீங்க மூண்டாவது ஆவீங்களே மாமா?"

"அவர் ரெண்டாவதெண்டா எனக்கு மூண்டு சரி" என்றார் தங்கவடிவேல் மாமா. "மத்த வரம்பெல்லாத்தையும் வெட்டு. முதல் வரம்பை விடு."

கோயில் கூட்டத்தில் பெரியமாமா இதைத் தன் யோசனையாகவே சொன்னார். முதலாம் குடித் தலைவர் நெடுநேரம் தாடையைத் தடவினார். மறுப்பதென்றால் அம்மாளுக்கு முதலிடம் கூடாது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். கும்பிட்ட படமும் என் போனில் இருந்தது. "நான் என்ன சொல்லக் கிடக்கு" என்றார்.

குளிர்த்தியன்று கோயில் நிறைந்த சனம். நான் இந்த முறை லப்டொப்பை விட்டு அசையவில்லை. "முதலாம் மரியாதை" என்றது குரல். மணி அடித்தது. பெயர் இல்லை. அந்த மௌனத்தில் சனம் முழுவதும் கைகூப்பி நின்றது. தலைவர்கள் ஐந்து பேரும் தலை குனிந்து நின்றார்கள். நான் தொழிலில் எத்தனையோ ஆயிரம் வரிகள் எழுதியிருக்கிறேன். ஒருவரும் அவற்றைக் கும்பிட்டதில்லை. எனக்குக் கண் கலங்கியது. கற்பூரப் புகை என்று எல்லாருக்கும் சொன்னேன்.

கலியாணம் ஆவணியிலேயே நடந்தது. கோயிலில் இன்றைக்கும் அதே நிரல்தான் ஓடுகிறது. ஒவ்வொரு வைகாசிக்கும் முன்னால் அதைத் திறந்து பார்ப்பேன். எல்லா வெறும் இடங்களையும் தள்ளு, முதலாவதை மட்டும் விடு என்று உள்ளே எழுதியிருக்கிறேன். உலகத்தில் வேறு எவரும் வேறு எவரிடமும் கேட்டிராத வேலை அது. கொம்பனியில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை அதைக் கண்டுவிட்டு, "அண்ணா, இதில ஒரு பிழை கிடக்கு, நான் திருத்தித் தரட்டா?" என்று கேட்டது. அது அம்மாளுடையது, தொடாதே என்றேன்.

வீட்டு நிலவரம் வேறு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட இருந்தால், சுகந்தினி அகப்பையால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டி அதே குரலில் "முதலாம் மரியாதை" என்பாள். எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டாவது, அவளுடைய அப்பாவுக்கு. (வீட்டில் அவருக்கு இரண்டாமிடம் திரும்பக் கிடைத்துவிட்டது, அதில் அவருக்கு இருக்கிற சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.) மூன்றாவது மகளுக்கு. நான்காவது அவளுக்கே. குழம்பில் மீன் குறைந்துகொண்டே போகும்.

"எனக்கு எத்தனையாவது?" என்று கேட்பேன்.

மகள் சோற்றுக் கையோடு சிரித்துக்கொண்டு சொல்வாள்: "அப்பா, நீங்க வரம்பு. வரம்பை எண்ணுறல்ல."